ஞாயிற்றுக்கிழமை பார்த்த தெரு

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர்சாதனக் கிடங்கு வேலையில் விரல் மரத்துப்போகிறது என்றாயே, கையுறைக்குள் இன்னொரு கையுறை போட்டுக்கொள்.

வாடகைக்கு விட வீடு வாங்குவதென்றால் முதலில் ஏரியாவைப் பார், அப்புறம் வீட்டைப் பார் என்று நீ சொன்னபடியே மூன்று இடங்களைச் சுற்றிவிட்டேன். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் வேண்டாம். வீடு காலியாக நிற்காது, வாஸ்தவம்தான். ஆனால் சட்டை மாற்றுவதுபோல் வீடு மாற்றுகிறார்கள். மளிகைக் கடைக்காரரிடம் விசாரித்தேன். “கடன் சொன்னவன் மூஞ்சி மனசுல பதியறதுக்குள்ள காலி பண்ணிடறாங்கம்மா” என்று தலையில் அடித்துக்கொண்டார். கல்லூரிப் பக்கம் வாடகை நன்றாக வரும். ஆனால் ஒரே வீட்டில் ஒரு பட்டாளம் பையன்கள். நான் பார்த்த வீட்டில் குழாய், ஜன்னல், கதவு எதுவும் முழுசாக இல்லை. வருகிற வாடகை பிளம்பருக்கும் கொத்தனாருக்கும்தான் போய்ச் சேரும்.

மூன்றாவது, உன் அத்தான் தேடிப் பிடித்த தெரு. போன ஞாயிற்றுக்கிழமை அவரே அழைத்துப் போனார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் கூப்பிடு தூரம். ரொம்ப அமைதி. வாசலில் நின்றவர்கள் சிரித்த முகமாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். “கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்மா” என்று அடுத்தடுத்த வீடுகளில் அதே வார்த்தையைச் சொன்னார்கள். நமக்குப் பார்த்திருக்கும் வீட்டில் ஒரு தையல்காரம்மா இரண்டு பெண்பிள்ளைகளோடு குடியிருக்கிறாள். அவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது. கதவுகளின் அடிப்பக்கம் புதிதாக இழைத்திருந்தது. ஏன் என்று கேட்டேன். மழைக்கு மரம் ஊதிவிட்டதாம், அத்தான் சொன்னார்.

வீட்டுச் சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறாராம், அவசரமாக விற்கிறாராம். நீ என் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பதால் நான் கையெழுத்துப் போட்டாலே போதும் என்கிறார் அத்தான். நீ சரி என்றால் மாதக் கடைசியில் பதிவை முடித்துவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா

*

அன்புத் தம்பி,

இதை நீ தனியாக இருக்கும்போது படி. போன கடிதத்தை அத்தான் படித்துப் பார்த்த பிறகுதான் தபாலில் போட்டார். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அந்தத் தெருவை ஒரு வேலை நாளிலும் பார்த்துவிடலாமே என்று அவரிடம் சொன்னேன். “ஞாயித்துக்கிழம பாத்த தெரு புதன்கிழம வேற தெருவாயிடுமா?” என்று சிரித்தார். அதனால் புதன்கிழமை அவர் வேலைக்குப் போனதும் நானே கிளம்பிப் போனேன்.

தெருமுனையில் இறங்கியதுமே உள்ளங்காலில் ஓர் அதிர்வு. யாரோ கீழிருந்து முனகுவதுபோல் இருந்தது. வீடுகளுக்குப் பின்னால் தகரத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். அதன் இடுக்கில் எட்டிப் பார்த்தேன், தலை சுற்றியது. அடுக்குமாடி கட்டுவதற்காக அவ்வளவு ஆழத்துக்குத் தோண்டி, அடியில் ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சத்தம் இருக்காதாம். அன்றைக்குச் சிரித்துப் பேசியவர்கள் ஒருவரும் வாசலில் இல்லை.

தையல்காரம்மா என்னை உள்ளே கூட்டிப்போய் பீரோவை நகர்த்திக் காட்டினாள். சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. விரலை விட்டுப் பார்த்தேன், நுனியில் வெளிக்காற்று பட்டது. “தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச வீடு உக்காருதும்மா. கதவு சாத்த மாட்டேங்குது, இழைக்கிறோம். மறுபடியும் சாத்த மாட்டேங்குது” என்றாள். அப்படியானால் அக்கம்பக்கத்தில் ஏன் அப்படிப் புகழ்ந்தார்கள் என்றேன். ஒரு வீடு நல்ல விலைக்குப் போனால்தான் தங்கள் வீடும் போகும் என்று எல்லாரும் காத்திருக்கிறார்களாம்.

சொந்தக்காரர் ஊரிலிருந்து வரும்போது இதைக் காட்டக் கூடாதா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அன்னிக்கு உங்ககூட வந்தாரே, அவருதானேம்மா வீட்டுக்காரர்? மாசாமாசம் வாடகைக்கு அவருதான் வர்றாரு. நீங்க யாருன்னுதான் எனக்குத் தெரியல” என்றாள்.

பிள்ளைகளை மட்டும் அந்த அறையில் படுக்க வைக்காதே, முடிந்தால் இடத்தையே காலி செய் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். “தெரியாம வாங்கி மாட்டிக்கிட்டேன். வெளியாளுக்கு வித்தா நாளைக்கு என்னக் கோர்ட்டுக்கு இழுப்பான். உன் தம்பி இழுப்பானா?” என்றார். அவ்வளவு நிதானமாக. அந்தக் குழந்தைகள் என்று ஆரம்பித்தேன். வாடகைக்கு இருப்பவர்கள் அவர்கள் பாட்டைப் பார்த்துக்கொள்வார்கள் என்று டிவியைப் போட்டுவிட்டார்.

அன்று முதல் என்னிடம் ரொம்பப் பிரியமாக இருக்கிறார். என் போனில் ஏதோ கோளாறு என்று வாங்கி வைத்திருக்கிறார். உன்னோடு பேச வேண்டுமென்றால் அவருடைய போனில், அவர் பக்கத்தில். வேலைக்கு லீவு போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குக்கூட என்னோடு வருகிறார். பதிவு நாளன்று போட்டுக்கொள்ள எனக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்திருக்கிறார்.

தையல்காரம்மா அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். நாளைக்குச் சாவி கொடுக்க இங்கே வருவாள். காலி வீடு சீக்கிரம் கைமாறும் என்று இவருக்குச் சந்தோஷம். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் இந்தக் கடிதத்தை அவள் பையில் செருகிவிடுவேன். கூரியரில் போடும்படி உறையின்மேல் எழுதியிருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். எனக்குக் கொடுத்த அதிகாரத்தை உடனே ரத்து செய். காரணம் கேட்டால் அக்காமேல் நம்பிக்கை போய்விட்டது என்று சொல், உறவுக்காரர்கள் எல்லாருக்கும் சொல். அவர் கேட்கும்படி போனில் என்னைத் திட்டு. நான் அழுவேன், அதற்காக நிறுத்திவிடாதே. செல்லாத கையெழுத்து என்று ஆகிவிட்டால் இந்தக் கையால் அவருக்கு உபயோகமில்லை. ‘கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீயே அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதானே, அக்கா’ என்று மட்டும் என்னைக் கேட்காதே.

உன் உழைப்பு வீண்போகாது. நீயும் உன் மனைவியும் குட்டியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல்.

ஊருக்கு வருவதாக இருந்தால் தேதி சொல்லாமல் வா. என்னிடம்கூடச் சொல்லாதே. உன் வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் வா.

உன் அக்கா