சாம்பல் கோட்டுக்காரனுக்கு நாலே வரி

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு அம்மாள் காலி வாளியைக் கொண்டுவந்து என் மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். "தண்ணி வந்ததும் நிரப்பி நீயே தூக்கிட்டு வா." குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிறவனுக்கு இதெல்லாம் சகஜம். குழாயை உடைத்தது நானில்லை, மோட்டாரை எரித்தது நானில்லை, திட்டு மட்டும் என் பங்கு. கடைசியில் அந்த வாளியை எடுத்துக் கீழே வைத்ததுகூடப் பக்கத்துக் கவுண்டர் பெண்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மச்சினன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு முதல் ஒத்திகையாம். அப்பாடா, வந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

இந்த நாடகம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று மகள் கேட்டாள். ஏதோ சொல்லி மழுப்பினேன். இங்கே எழுதிக்கொள்ளலாம், யார் படிக்கப் போகிறார்கள்?

எங்கள் குடியிருப்பில் வருஷத்துக்கு ஒரு துப்பறியும் நாடகம் போடுவோம். ஒரே கதைத் தொடரிலிருந்து, ஒரே துப்பறிவாளர். எழுதுவதும் இயக்குவதும் மச்சினன், விளக்குகள் மகளின் பொறுப்பு, துப்பறிவாளராக எதிர் பிளாக் பல் டாக்டர். நான் வில்லன். உலகமே கொண்டாடுகிற அந்தச் சாம்பல் கோட்டுக்காரன். எந்தக் கதையைப் போட்டாலும் கடைசிக் காட்சியில் படியிறங்கி வந்து நாலு வரி பேசுவேன். சபை மூச்சுவிடாது. நாடகம் முடிந்து ஒரு வாரத்துக்கு, லிஃப்டில் நான் இருந்தால் பிள்ளைகள் ஏறாமல் நின்றுவிடுவார்கள்.

வருஷம் முழுக்க ஊரே என்னை ஏறி மிதிக்கிறது. அந்த ஒரு வாரம் என்னைப் பார்த்து யாரோ பயப்படுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

எழுத்து கோணுகிறது. போகட்டும்.

எல்லாருக்கும் டீ வந்தபிறகு மச்சினன் ஆரம்பித்தான். "அத்தான், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த ஆளைப் பத்தி ரொம்பத்தான் தூக்கி வெச்சுப் பேசிட்டாங்க. மொத்தத் தொடர்லயும் ரெண்டு கதையிலதான் வர்றான். அப்படி என்னதான் பண்ணிட்டான், சொல்லுங்க பாப்போம்?"

நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். துப்பறிவாளரையே நடுங்க வைத்தவனடா, அவன் இல்லையென்றால் உன் துப்பறிவாளர் காணாமல் போன மோதிரம் தேடுகிற ஆள்தானடா என்று. வாய் வரைக்கும் வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

"அதனால இந்த வாட்டி அவன் மேடைக்கே வரக் கூடாது. பின்னாடி திரையில நிழல் மட்டும் விழணும். கோட்டும் தொப்பியும் தெரிஞ்சாப் போதும்."

"வசனம்?" என்றேன்.

"நிழலுக்கு எதுக்கு அத்தான் வசனம்?"

பல் டாக்டர் சிரித்தார். மகள் அப்போதே விளக்கை எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். பெற்ற மகள்!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி மாப்ளே."

மார்ச் 9, திங்கள்

சரி மாப்ளே, சரி மாப்ளே. இந்த வாய்க்கு வேறு வார்த்தையே கிடையாதா?

மார்ச் 14, சனி

விடக் கூடாது என்று அலமாரியிலிருந்து தொடர் முழுவதையும் இறக்கினேன். சாம்பல் கோட்டுக்காரன் செய்த அட்டூழியங்களை எல்லாம் குறித்துக்கொண்டு போய், நாளைக்கு மச்சினன் முன்னால் படபடவென்று அடுக்குவதாகத் திட்டம்.

காலையில் முதல் கதை. அதில் அவன் ரயில் ஜன்னல் ஓரமாக ஒரு தடவை தெரிகிறான், அதுவும் வண்டி நகர்ந்த பிறகு. நகரத்தில் நடக்கிற அத்தனை குற்றத்துக்கும் அவன்தான் மூளை என்று துப்பறிவாளர் சொல்கிறார். பக்கம் பக்கமாகச் சொல்கிறார். சரி, எந்தக் குற்றம்? அதைச் சொல்லவில்லை. கூட வரும் நண்பர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கேள்வி கேட்கக் கூடாதா அந்த மனுஷன்?

மத்தியானம் இரண்டாவது கதை. இதில் அவன் வருகிறான், நாலு வரி பேசுகிறான், பனியில் மறைந்துவிடுகிறான். நாலு வரியும் எனக்கு மனப்பாடம். இத்தனை வருஷம் மேடையில் அதைச் சொல்லிச் சொல்லிப் புல்லரித்துப்போயிருக்கிறேன். இன்று வெறும் எழுத்தாகப் படித்தால், வாடகை பாக்கிக்கு வந்த வீட்டுக்காரர் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது.

அவன் ஒருத்தரையும் கொல்லவில்லை, ஒரு பூட்டைக்கூட உடைக்கவில்லை. அவனைப் பெரியவனாக்கியது முழுக்க மற்றவர்கள் வாய். எழுதியவருக்கும் தொடரை முடிக்க அவசரம், துப்பறிவாளருக்குச் சமமாக ஒரு ஆள் வேண்டும், அவசரத்தில் ஒரு கோட்டை மாட்டி அனுப்பிவிட்டார் போலிருக்கிறது.

மச்சினன் சொன்னது சரி. ஐயோ, அதுதான் வயிற்றெரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால்கூட மனசுக்குள் திட்டியாவது ஆறியிருப்பேன்.

மார்ச் 15, ஞாயிறு

ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. மச்சினனும் வந்திருந்தான். நான், "வீட்டுல பெரியவர் இருக்கார்னா தினமும் எழுந்து வந்து அதட்டணுமா? அறையில படுத்திருந்தாலே போதாதா?" என்றேன். எனக்கே நன்றாக இருந்தது.

"அதையேதான் அத்தான் நானும் சொல்றேன்! அறையிலயே படுத்திருக்கட்டும். மேடைக்கு எதுக்கு வரணும்?"

மகள் கைதட்டினாள். என் கையாலேயே என் மூக்கை உடைத்துக்கொண்டேன்.

மனைவி ஒருத்திதான் என் பக்கம். "அந்த ஆளு கெட்டவனா இல்லையா? கெட்டவன்தானே? அப்புறம் என்னடா வழக்கு? என் வீட்டுக்காரர் படியிறங்கி வந்தா எனக்கே குலை நடுங்கும்." அவள் அதட்டியதில் தம்பி தட்டைப் பார்த்துக் குனிந்தான். பிறகு, "அக்கா, நிழல் இன்னும் நடுங்க வைக்கும் பாரு" என்று சிரித்தான். இந்த வாயில்லாப் பூச்சிக்காக அவள் ஒருத்தி எத்தனை பேரோடு மல்லுக்கட்டுவாள்?

மார்ச் 22, ஞாயிறு

ஒத்திகையில் திரைக்குப் பின்னால் நின்றேன். விளக்குச் சூடு முதுகைப் பொசுக்குகிறது. "அப்பா, அசையாதீங்க. கைய ஆட்டுனா கெட்டுடுது" என்கிறாள் மகள். முகபாவம் எல்லாம் காட்டினேன், பழக்கதோஷம். நிழலுக்கு ஏது முகம்?

மச்சினனிடம் ஒரே ஒரு வரி மட்டும் கேட்டுப் பார்த்தேன், ஒரு இருமலாவது. "பாக்கலாம் அத்தான்" என்றான். பார்க்கலாம் என்றால் கிடையாது என்று அர்த்தம். நானே கவுண்டரில் தினமும் சொல்கிற வார்த்தைதான்.

ஏப்ரல் 4, சனி

இன்று நாடகம்.

மத்தியானம் பிரதான குழாய் வெடித்து, பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. லீவு போட்டவர்களையும் கூப்பிட்டார்கள். கவுண்டரில் கூட்டம் முட்டி மோதியது. "நாடகம் இருக்கு சார், விடுங்க" என்று மேலதிகாரியிடம் கேட்க நாலு தடவை எழுந்து நாலு தடவையும் உட்கார்ந்தேன். மகளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. 'வர முடியல' என்று செய்தி மட்டும் அனுப்பினேன். அடுத்தவர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

ஓட்டமும் நடையுமாக அரங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிக் காட்சி. நாற்காலி இல்லை, கதவோரம் நின்றேன். பல் டாக்டர் குரலைத் தாழ்த்தி, "அவன் வந்துட்டான்" என்றார்.

திரையில் நிழல் மெதுவாக எழுந்தது. கோட்டு, தொப்பி. நான் ஒத்திகையில் நின்றதைவிட உயரம். துளி அசைவில்லை, கோட்டின் ஓரம் மட்டும் லேசாக ஆடியது. எனக்கு முன்னால் இருந்த ஆள் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு குழந்தை வீறிட்டது. நானே ஒரு அடி பின்வாங்கினேன். யார் அது என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். துணி மாட்டுகிற ஸ்டாண்டில் கோட்டைத் தொங்கவிட்டு, கீழே மேஜை மின்விசிறியை வைத்திருந்தாள் மகள். "என்ன பண்றது அப்பா, நீங்க வரல. கையில கிடைச்சதை வெச்சு ஒப்பேத்துனேன்."

அதற்குள் மனைவி ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. "என்னங்க, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தாங்க நடிச்சீங்க! ஒரு வார்த்தை பேசாம எல்லாரையும் கிடுகிடுக்க வெச்சுட்டீங்களே!"

நான் வாயைத் திறந்தேன். மகள் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். காதோரம் சொன்னாள்: "சொல்லாதீங்கப்பா. அம்மா அவ்வளவு சந்தோஷமா இருக்காங்க."

சொல்லவில்லை. வழியெல்லாம் எனக்குப் பாராட்டு. "நன்றி, நன்றி" என்று கும்பிட்டுக்கொண்டே வந்தேன். அழுகை வந்தது. வீட்டில் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழலாம் என்றால், குழாயில் தண்ணீர் இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

லிஃப்டில் நான் இருப்பதைப் பார்த்துவிட்டு மூன்று பிள்ளைகள் படியேறி ஓடின. எந்த வருஷமும் இப்படி ஓடியதில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

இன்று ஒரு தடியன் மேஜையைக் குத்திக் கத்தினான். வழக்கமாக நான் குனிந்துகொள்வேன். இன்று என்னவோ, குனியாமல் அவன் தலைக்கு மேலே மாடிப்படியைப் பார்த்தேன். மெல்லச் சொன்னேன்: "மேல ஒருத்தர் இருக்கார். எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருக்கார்."

"யாரு? பேரைச் சொல்லு."

"பேரெல்லாம் வேணாம் சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் கையை மேஜையிலிருந்து எடுத்தான். விண்ணப்பத்தை மடித்துப் பணிவாகக் கொடுத்துவிட்டுப் போனான். மாடி பூட்டியே கிடக்கிறது, சாவி என்னிடம்; உள்ளே இருப்பது உடைந்த நாற்காலிகளும் தண்ணீர்த் தொட்டியும்தான். என்னைப் பார்த்து அவன் பயப்படவில்லை என்பது எனக்குத் தெரியாதா? அது வேறு கதை.

மே 8, வெள்ளி

இப்போதெல்லாம் கவுண்டரில் சத்தமே இல்லை. வருகிறவர்கள் மாடிப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். மேலே இருப்பவர் ஒருத்தரை வேலையை விட்டே தூக்கிவிட்டார் என்று பியூன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் சொன்னதே இல்லை அது.

இந்தப் பேச்சை நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். சாயங்காலம் கிளம்பும்போது பக்கத்துக் கவுண்டர் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லையாம்.

"சார்... மேல இருக்கறவர் என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

அப்படி ஒருத்தர் இல்லையம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் நாளைக்குக் காலையில் ஊரே மறுபடி என் மேஜையில் வந்து விழும்.

"நல்லபடியாத்தான் சொன்னார்" என்றேன்.

பாவம், எவ்வளவு நிம்மதி அந்த முகத்தில்! என்னிடம் இல்லை, மாடிப்படியைப் பார்த்துத்தான் கைகூப்பினாள்.