பெரட்டுக்களத்தில் வாசித்த பெயர்

டாக்டர்,

இன்று செவ்வாய்க்கிழமை. பகல் இரண்டு மணிக்கு ஃபோனில் அலாரம் அடித்தது. கொடகவெலவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் சிக்னல் கிடைக்கும் ஒரே மூலைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, நீங்கள் போய் மூன்று வாரமாகிறது. எழுந்திருக்கவும் தோன்றவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை.

இரண்டு வருடம் வாராவாரம் இதே நேரத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் இலங்கைக்குத் திரையில் வந்தீர்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்க, என்னைப் போன்ற மருத்துவிச்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. உங்கள் உயரம்கூட எனக்குத் தெரியாது. நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட இரண்டு வரியில்தான் நீங்கள் இல்லை என்று அறிந்தேன். முகத்தை மட்டும் பார்த்த ஒருவருக்காக இவ்வளவு அழலாமா?

செல்வமேரியை மறந்திருக்க மாட்டீர்கள். கொழுந்து பறிப்பவள், மூன்று பிள்ளைக்காரி. அவளுடைய சோதனையில் சந்தேகம் வந்தது. திரும்ப எப்படி அழைப்பீர்கள் என்று கேட்டீர்கள். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் வாசிக்கும்போதே கணக்கப்பிள்ளை சொல்லிவிடுவார் என்றேன். சாவு, கல்யாணம், காணாமல் போன மாடு, எல்லாச் செய்தியும் அங்கேதான். நல்ல வழியாக இருக்கிறதே என்றீர்கள்.

முன்பெல்லாம் கிளினிக் நாளுக்கு இருபது பேரை வாசித்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு பெயரை வாசித்ததும் தோட்டமே திரும்பிப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் லயத்து வீடுகள் முழுக்க அவளுக்கு ஏதோ கெட்ட நோய் என்று பேச்சு. புருஷன் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் போனபோது கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது வருடமாக இங்கேயே கிடக்கிற எனக்குப் புத்தி எங்கே போயிருந்தது?

நீங்கள் திட்டவில்லை. "தலையாட்டினது நான்தானே, மிஸ்ஸி. தப்பு என்னோடது," என்றீர்கள். எங்கள் ஆட்கள் கூப்பிடுவதைக் கேட்டு நீங்களும் என்னை மிஸ்ஸி ஆக்கியிருந்தீர்கள். ஃபோனை ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டச் சொன்னீர்கள். அரைமணி நேரம் நான் மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்றேன். என்னதான் பேசினீர்களோ, மறுவாரமே ஆஸ்பத்திரிக்குப் போனாள். எப்படி மனம் மாறினாய் என்று கேட்டேன்.

"அவங்களுக்கு இந்தத் தோட்டத்துல யாரையும் தெரியாதுல்ல," என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

இன்னும் புற்றாகவில்லை, இப்போதே சிகிச்சை செய்தால் தப்பிவிடுவாள் என்று அங்கே சொன்னார்களாம். அதற்கு நாளை எம்பிலிப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேற்று கிளினிக்குக்கு வந்து, டாக்டரம்மாவோடு ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். லைன் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லலாமா? உண்மையைச் சொன்னால் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாளா? ஒன்றும் ஓடாமல் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அன்று நீங்கள் பேசியதைச் சொன்னாள்.

"தப்பு மிஸ்ஸியோடதுதான்னாங்க. அது மிஸ்ஸி மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருக்கும், அதனால உங்களப் பாதியில விடமாட்டாங்க, நம்பிப் போங்கன்னாங்க." என்னைப் பார்த்து, "நீங்க வர்றீங்கதானே?" என்றாள்.

வருகிறேன் என்று தலையை ஆட்டினேன்.

என்னிடம் உங்கள் தப்பு என்றீர்கள். அவளிடம் என் தப்பு என்றீர்கள். கோபப்படுவதா, கும்பிடுவதா? உண்மையில் எதை நினைத்தீர்கள் என்று இனி யாரைக் கேட்பேன்? நேற்றிலிருந்து இதே குழப்பம்தான், சிரிப்பும் அழுகையுமாக வருகிறது. நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன், முதல் பஸ்ஸில் அவளோடு போகிறேன். அந்தத் தப்பு என்னுடையதுதான், டாக்டர். அதை என்னிடமே விட்டுவிடுங்கள்.