மேல வீதியில் ஆஃப் ஆகாமல்

9 நவம்பர், ஞாயிறு

வண்டி இன்றைக்கும் மானத்தை வாங்கியது. அண்ணா பாலத்துச் சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளட்சை விட்டேன். ஒரு உதறல், ஒரு இருமல், ஆஃப். பின்னால் பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "பேசாம ஸ்கூட்டி வாங்கிக்கம்மா" என்று ஒரு பெரியவர் யோசனை சொல்லிவிட்டுப் போனார். ரொம்ப முக்கியம்!

ஹைவேயில் மட்டும் பறக்கிறது. சிதம்பரம் போகிற வழியில் ஆலப்பாக்கம் தாண்டினால் முன்னைவிட நன்றாகவே போகிறது, இன்ஜின் கத்துவதுகூடக் குறைந்திருக்கிறது. மெதுவாகப் போனால்தான் வினை. செகண்ட் கியரில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. செப்டம்பர் வரை இப்படி இல்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஃபோனில் பேர்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். 'சி'யில் கை நின்றது. சித்தார்த். இப்போதைக்கு என் புருஷன். டிசம்பர் பத்தாம் தேதி கோர்ட்டில் இரண்டு பேரும் சம்மதம் என்று சொல்லிவிட்டால் அதுவும் இல்லை.

ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன்.

12 நவம்பர், புதன்

மஞ்சக்குப்பத்தில் லூயிஸ் அண்ணன் பட்டறை. பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார், டேங்க்கைக் காலி பண்ணிப் புது பெட்ரோல் ஊற்றினார். எடுத்து ஓட்டினேன். அதே திணறல்.

"வண்டில ஒண்ணுமே இல்லம்மா. கம்பெனிலேர்ந்து வந்த மாதிரியே இருக்குது."

"அப்ப எனக்குத்தான் ஓட்டத் தெரியலைங்கறீங்களா?"

தலையைச் சொறிந்தார். அப்படியென்றால் ஆமாம் என்று அர்த்தம்.

எனக்கா? வேலைக்குப் போகிற வழியில், சிதம்பரம் மேல வீதியில், மாடும் ஆட்டோவும் பூக்கடையும் நடுவில் மூன்று வருஷமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன். வாங்கிய முதல் மாதம் அங்கே ஆஃப் ஆக்கி ஆக்கி நின்றது நிஜம்தான். அப்புறம் திடீரென்று ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன் என்று வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டது வேறு.

16 நவம்பர், ஞாயிறு

மழை. மூன்று தோசைக்கு மாவு இருந்தது. இரண்டு சுட்டேன். பேச ஆள் இல்லாத வீட்டில் தோசைக் கல்லின் சத்தம்தான் பெரிசாகக் கேட்கிறது.

லேபில் ஒரு ரிசல்ட் சந்தேகமாக இருந்தால் முதலில் என்ன மாறியது என்று பார்ப்போம். மெஷினா, மருந்தா, ரத்தமா? வண்டியில் என்ன மாறியது? செப்டம்பர் கடைசியில் பாண்டியில் போய்ச் செயின் செட் மாற்றினேன், தேய்ந்து போயிருந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. புதுச் செயின் போட்டால் வண்டி நன்றாகத்தானே ஓட வேண்டும்?

எனக்கும் சித்தார்த்துக்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்டால் அது எனக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனது. சிதம்பரம் பக்கத்தில் இருக்கிற அவர் ஊருக்கு, கீரப்பாளையத்தோடு போய்விடலாம் என்று சித்தார்த் முடிவு பண்ணினார். என் மேனேஜரிடம் அவரே போய்ப் பேசி, என்னைச் சிதம்பரம் பிராஞ்சுக்கே மாற்றச் சொல்லிவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் போகிற பிராஞ்ச், இனிமேல் அங்கேயே கிட என்று. எனக்கு மேனேஜர் சொல்லித்தான் தெரியும். கேட்டதற்கு, "அலைச்சல் கொறையும்னுதான் மதி" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரி என்றே சொல்லியிருப்பேன். அதுதான் இன்னும் எரிகிறது. மாட்டேன் என்று நான் இங்கேயே இருந்துவிட்டேன், அவர் மட்டும் போய்விட்டார்.

20 நவம்பர், வியாழன்

பஸ்ஸில் போனேன். ஜன்னல் சீட் கிடைத்தும் சந்தோஷமாக இல்லை.

23 நவம்பர், ஞாயிறு

தண்ணி புடிக்கிற வேலை பாதியில நிக்குது. இருந்தாலும் எழுதிடறேன்.

பால்கனியில தண்ணி டிரம்மோட மூடி காத்துல பறக்காம இருக்க, வண்டியோட பழைய செயின் சக்கரத்த மேல வெச்சிருக்கேன். முன்பக்கம் செயின் மாட்டுற சின்னப் பல்சக்கரம். பாண்டியில கழட்டினத கையோட வாங்கிட்டு வந்தேன், கனமா இருக்கேன்னு. இன்னிக்குத் தண்ணி புடிக்கும்போது தூக்கினேன். புதுச் செட்டோட அட்டைப்பெட்டி பக்கத்துலயே கெடந்துச்சு. அதுல பதினஞ்சு பல்லுன்னு போட்டிருக்கு. சும்மா எண்ணிப் பாத்தேன்.

பதிமூணு.

மறுபடியும் எண்ணினேன். பதிமூணுதான். வண்டியோட புத்தகத்தப் பாத்தா பதினஞ்சுன்னுதான் இருக்கு. நெட்டுல தேடினேன். முன்பக்கச் செயின் சக்கரத்துல பல்லு கொறைஞ்சா மெதுவாப் போறப்ப இழுவை ஜாஸ்தியாம், ஆஃப் ஆகாதாம். ஆனா ஹைவேல இன்ஜின் கத்துமாம்.

அப்ப லூயிஸ் அண்ணன் சொன்னதுதான் சரி. வண்டில ஒண்ணுமே இல்ல. இப்பதான் அது கம்பெனி வண்டி. இத்தன வருஷமா நான் ஓட்டினதுதான் வேற.

வண்டி புதுசா இருந்தப்ப என்னைத் தவிர சித்தார்த் மட்டும்தான் அதத் தொட்டிருக்காரு. முதல் மாசக் கடைசியில, "ஆயில் மாத்திட்டு வர்றேன்"னு சாவிய வாங்கிட்டுப் போனாரு. அதுக்கு அடுத்த வாரம்தான் எனக்குக் 'கைக்கு வந்துச்சு'.

நான் ஓட்டக் கத்துக்கவே இல்லையா?

24 நவம்பர், திங்கள்

சித்தார்த்துக்கு ஃபோன் பண்ணினேன். எப்பவும் கூப்புடற மாதிரி மாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். வேற என்னன்னு கூப்புடறது? சார்னா?

"செயின் சக்கரத்த மாத்துனது நீங்கதானே?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மாட்ட விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

"மேல வீதியில வண்டிய ஆஃப் பண்ணிட்டு நீ அழுதத பாத்தேன் மதி."

"நான் ஒண்ணும் அழல."

"சரி. அழல."

வெச்சிட்டேன். இதுக்கு இந்த ஆளக் கட்டிப்புடிச்சு அழறதா, செருப்பக் கழட்டி அடிக்கறதா? என்மேல ஒருத்தர் இவ்வளவு கவனமா இருந்திருக்காரு. எனக்குன்னு இருந்த ஒரே பெருமையும் அவரு போட்ட பிச்சை. ரெண்டும் ஒரே சக்கரம்தான். மேனேஜர்கிட்ட போய்ப் பேசின அதே ஆளுதான் இதையும் பண்ணியிருக்காரு.

ராத்திரி சாப்பிடல.

10 டிசம்பர், புதன்

கோர்ட் வராண்டாவில் அவர் ஒரு பெஞ்ச், நான் ஒரு பெஞ்ச். இளைத்திருந்தார். கூப்பிடுவதற்கு முன்னால் நானே எழுந்து போனேன்.

"எனக்குத் தெரியாம இன்னும் என்னல்லாம் செஞ்சிருக்கீங்க? இப்பவே சொல்லிடுங்க. சொன்னா நான் உள்ள போயி வேற மாதிரி பேசுறேன்."

நிஜமாகத்தான் கேட்டேன். திட்டுவதற்காக இல்லை. ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும்.

அவர் தரையைப் பார்த்தார். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான் மதி."

உள்ளே போனோம். சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றேன். அவரும் சொன்னார். கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை, இரண்டு தடவை உதறினேன்.

வெளியே வந்து வண்டியை எடுத்தால் கேட்டிலேயே ஆஃப். அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். அப்புறம் நின்று, கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். நான் மறுபடி ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பினேன். பாலம் வரைக்கும் ரோடே கண்ணுக்குத் தெரியவில்லை.

21 டிசம்பர், ஞாயிறு

லூயிஸ் அண்ணன் பதிமூன்று பல் சக்கரம் ஒன்று கைவசம் இருக்கிறது என்றார். வேண்டாம் என்றேன். விடிந்ததும் தேவனாம்பட்டினம் ரோட்டில் போய் மெதுவாக ஓட்டிப் பழகுகிறேன். கிளட்சை முழுசாக விடாமல், பாதியில் பிடித்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர். மீன்கார அம்மா ஒருவர் தினமும் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இந்த ஊரில் என்னைத் தினமும் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான்.

14 ஜனவரி, புதன். போகி

சிதம்பரம் பிராஞ்ச். அரை நாள் லீவு விட்டார்கள். வேண்டுமென்றே மேல வீதி வழியாகத் திரும்பினேன். நாளைக்குப் பொங்கல், கேட்க வேண்டுமா? கரும்பு வண்டி, மஞ்சள் கொத்து, கோலப்பொடி, ஜனம். நடக்கிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். முதல் கியரில் ஊர்ந்தேன், நின்றேன், மறுபடி ஊர்ந்தேன். கை வலித்தது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. பதினைந்து பல்லோடு!

வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் தேடினேன். யாருகிட்ட சொல்ல? வெட்கத்தை விட்டு அவருக்கே மெசேஜ் போட்டேன். "மேல வீதி. பொங்கல் கூட்டம். ஆஃப் ஆகல."

உடனே பதில். "பாத்தேன்."

"எங்க இருந்தீங்க?"

"கரும்பு வண்டிக்குப் பக்கத்துல. அப்பாவுக்கு மாத்திரை வாங்க வந்தேன்."

"கூப்புட வேண்டியதுதானே மாமா?"

அனுப்பினதுக்கு அப்புறம்தான் பாத்தேன், மாமான்னு அடிச்சிருக்கேன். அழிக்கலாமான்னு யோசிக்கறதுக்குள்ள பதில் வந்துடுச்சு.

"கூப்புட்டா நீ ஆஃப் பண்ணிடுவியோன்னு கூப்புடல."

சிரிச்சேன். சிரிப்பு வேற மாதிரி ஆனப்ப ஃபோன கவுத்து வெச்சிட்டு, டிரம் மூடிய எடுத்துத் தண்ணி புடிக்கப் போனேன்.