நடுவில் விடும் இடம்

எங்க வீட்டு அவுகளுக்கு, இருமல் குறைந்ததா? பெங்களூரில் பேத்தி சினேகாவுக்குச் சமைத்துப் போடுகிற எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவள் நம்ம ஊர் வெடிக் கம்பெனிக்கு வெப்சைட் செய்கிறாள். ஒவ்வொரு வெடியின் படத்துக்கும் உள்ளே ‘கட்டம்’ என்று பேர் எழுதினால் படத்தைச் சுற்றிக் கோடு வரும். சரக்கு தீர்ந்தால் மட்டும் சர்வர் என்கிற கம்ப்யூட்டரே ‘தீர்ந்தது’ என்ற பேரையும் சேர்க்கும். அப்போது படம் சாம்பல் நிறமாகும். நேற்று தீர்ந்த வெடிக்குக் கோடும் இல்லை, நிறமும் இல்லை.

“ரெண்டு பேருக்கும் நடுவுல இடம் விடாமச் சேக்கும்படி எழுதிட்டேன் ஆச்சி. ஒட்டிக்கிட்டா ரெண்டு பேரும் செல்லாது” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை ரயிலேற்றும்போது, “கொஞ்சம் தள்ளி இருந்தாத்தான் நமக்கு நல்லது” என்று சொன்னீக. சாகும்வரை மறக்க மாட்டேன். அவள் விட வேண்டிய இடம் ஒரு எழுத்து அகலம்தான்.

பகலெல்லாம் இங்கன பேச ஆளில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சேவும் தீர்ந்துவிட்டது. யாரிடமும் கொடுத்து விடாமல் நீங்களே கொண்டு வாங்க. குக்கர் கத்துகிறது.

வள்ளித்தாய்