அக்கா கேட்டு வாங்கிய கார்டு

நெயாஃபு, வவாவு தீவு
புதன்கிழமை

அன்புள்ள என் கணவர் ஃபெலேத்தி அவர்களுக்கு,

உங்கள் கலோலைன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் குழந்தை லுபேயும் நலம். அங்கே ஆஸ்திரேலியாவில் விடிகாலையில் கை மரத்துப்போகிற குளிர் என்றீர்களே, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் போகிறீர்களா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை எடுத்தால் உங்கள் அறையில் இருக்கிற நம் ஊர் ஆட்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அதனால் உங்கள் குழுவில் சேர வருகிற சாமிசோனியிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழங்கு கொண்டுபோக விடமாட்டார்களாம். ஒரு புட்டி தேங்காய் எண்ணெய் மட்டும் வைத்திருக்கிறேன், முதுகுக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். அந்தப் புது கிரெடிட் கார்டு இப்போது என்னிடம் இல்லை. பதற வேண்டாம். தொலையவில்லை, திருடும் போகவில்லை. ஒரு காசுகூட அதில் செலவாகவில்லை. உங்கள் அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த வரியைப் படித்ததும் உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். மேலே படியுங்கள்.

தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விழுந்திருக்கிறது, அவசரத்துக்கு ஆகட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் பேங்கில் என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளம்புவதற்கு முதல்நாள் ஆண்கள் கூடிக் காவாக் கஷாயம் குடிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் அதை ஏன் அளந்தீர்கள்? தபால் வருவதற்கு முன்பே ஊருக்குச் செய்தி வந்துவிட்டது. உறையைப் பிரித்துக் கார்டை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடுகிறேன், வாசலில் உங்கள் சித்தப்பா மோசேசே நிற்கிறார்.

அவருடைய படகு இன்ஜின் நின்றுவிட்டதாம், புதிது வாங்க வேண்டுமாம். அடுத்து உங்கள் அத்தை மகள் வந்தாள். பெண்ணுக்குக் கல்யாணம், டின் மாட்டிறைச்சி பெட்டி பெட்டியாக வேண்டும், கடைக்காரர் கார்டை வாங்கிக்கொள்வாராம். பிறகு சர்ச்சிலிருந்து வந்தார்கள். வருடக் காணிக்கை அன்று ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் தொகையையும் சத்தமாக வாசிப்பார்கள் அல்லவா, இந்த வருடம் நம் பெயர் கொஞ்சம் பெரிதாகக் கேட்கலாமே என்று இனிக்க இனிக்கப் பேசினார்கள்.

சொந்தக்காரர் வாசலுக்கு வந்து கேட்கும்போது இருக்கிற பொருளை இல்லை என்று எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லமாட்டீர்கள். நானும் எல்லாருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டிவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். வேண்டவே வேண்டாம் இந்தக் கார்டு என்று ஆகிவிட்டது எனக்கு. கிணற்றில் போட்டாலும் யாராவது இறங்கி எடுத்துவந்துவிடுவார்கள் போலிருந்தது. நீங்களானால் போனில் சிரித்துக்கொண்டே, கார்டு இருக்கே, தைரியமாச் செலவு பண்ணு, இன்னொரு சீசன் இருந்து கட்டிட்டு வந்துடறேன் என்கிறீர்கள். நான் பதில் சொல்லாமல் இருந்தது லைன் சரியில்லாததால் என்று நினைத்தீர்களா?

லுபேயிடம் அப்பா எங்கே என்று கேட்டால் இப்போது போனைக் காட்டுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லாரும் நம் வீட்டில் சாப்பிட்டார்கள். மண்ணுக்குள் மூடிய குழி அடுப்பிலிருந்து வெந்த இலைப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டிருந்தேன், உங்கள் லெசியேலி அக்கா வந்து பாயின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் எவ்வளவு இடம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். சித்தப்பா மெல்ல இன்ஜின் பேச்சை எடுத்தார். அக்கா கை கழுவிவிட்டு விசிறியைக் கீழே வைத்தார்.

“கலோலைன், அந்தக் கார்டு எனக்கு வேணும். எடுத்துட்டு வா.”

நம் வழக்கத்தில் உடன்பிறந்த அக்கா கேட்டால் தம்பி வீட்டில் மறுபேச்சு ஏது? பிஸ்கட் டின்னைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். என்னைவிடச் சித்தப்பாவின் முகம்தான் அதிகம் வாடிப்போயிற்று. உங்களிடம் மறைப்பானேன், அன்றைக்கு முழுவதும் உங்கள் அக்காவை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறார், அதற்கு நீங்கள் இன்னும் எத்தனை மரம் ஏற வேண்டுமோ என்று வயிறு எரிந்தது.

திங்கட்கிழமை காலையில் வேன் வந்து நின்றது. அக்கா மரியாதைக்குக் கட்டுகிற இடுப்புப் பாயைச் சுற்றி, விசேஷ வீட்டுக்குப் போகிறமாதிரி உட்கார்ந்திருந்தார். நீயும் பாயைக் கட்டிக்கிட்டு ஏறு, பேங்குக்குப் போகணும், உன் கையெழுத்து இல்லாம இந்தக் கார்டுக் கணக்கை மூட மாட்டாங்களாம் என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பாயைத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு வேனில் ஏறினேன்.

பேங்கில் இருந்தவர் கழுத்துப்பட்டை கட்டிய சின்ன வயசுக்காரர். மூட வேண்டாம், பேசாமல் வைத்திருங்கள், வரம்பை வேண்டுமானால் குறைத்துத் தருகிறேன், திடீரென்று ஒரு அவசரம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இவருக்கும் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அக்கா விசிறியை நிறுத்தாமல் சொன்னார்:

“அவசரம்னா எங்க வீட்ல பன்னி இருக்கு, தம்பி. அது வட்டி கேக்காது. அதுபாட்டுக்குக் குட்டிதான் போடும்.”

பக்கத்து மேஜைப் பெண் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன். உபயோகிக்கவே இல்லை என்பதால் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லையாம், கணக்கை மூடியதற்குக் கடிதம் வருமாம். கத்தரிக்கோலால் கார்டை இரண்டாக வெட்டினார். குப்பையில் போடப் போனவரை நிறுத்தி, இரண்டு துண்டையும் அக்கா வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். எதற்கு அக்கா என்றேன். யாராவது கேட்டால் அக்காவிடம் இருக்கிறது என்று நான் பொய் கலக்காமல் சொல்ல வேண்டுமாம்.

அதேபோல நேற்றுச் சித்தப்பா வந்தார். அக்காகிட்ட இருக்கு என்றேன். தலையைச் சொறிந்தார். அக்காவிடம் போய்த் திருப்பிக் கேட்க ஊரில் யாருக்குத் துணிச்சல்? ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, பழைய இன்ஜினையே பிரித்துப் பார்க்கிறேன் என்று போய்விட்டார். ஃபெலேத்தி, எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை. இரண்டு நாளாக நன்றாகப் பசிக்கிறது. தூங்குகிறேன். வாசலில் யாராவது கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே போகிறேன். அந்த டின்னில் இப்போது பிஸ்கட் இருக்கிறது. தொட்டிக்குக் கவலை வேண்டாம், விரிசலில் சிமெண்ட் பூசியாயிற்று, பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. நமக்கு அது போதும்.

வேனில் திரும்பி வரும்போது அக்கா அந்தக் கைக்குட்டை முடிச்சை மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய வீட்டுக்காரரும் இப்படித்தான் தோட்ட வேலைக்கு என்று போனார், உங்களுக்குத் தெரியாததா. அவர் பேரை அக்கா வாயால் நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “ஒரு கடனுக்கு ஒரு சீசன், அடுத்த கடனுக்கு அடுத்த சீசன்னு போனாரு. கடனும் தீரல, அவரும் வரல.” நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மனசுக்குள் திட்டியதற்கெல்லாம் அப்போதே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

நீங்களும் அக்காவும் வயசுக்கு வந்த நாளிலிருந்து ஒரே அறையில் உட்கார்ந்து பேசியதில்லை. அது நம் மரியாதை. அதனால் உங்களிடம் சொல்ல வேண்டியதை வேனிலிருந்து இறங்கும்போது என்னிடம் சொன்னார். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

“நான் கேட்டா என் தம்பி இல்லைன்னு சொன்னதே கிடையாது. இப்ப ஒண்ணு கேக்கறேன்னு எழுது. அடுத்த சீசனுக்குக் கையெழுத்துப் போட வேணாம். எனக்கு என் தம்பி வேணும்.”

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். கேட்பது உங்கள் அக்கா.

ஆண்டவர் உங்கள் முதுகையும் கைகளையும் பத்திரமாகக் காத்து, எந்தக் கப்பலிலோ விமானத்திலோ, எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்தபடி,
உங்கள் கலோலைன்