சுருட்டுப் பானையின் ஈரம்

14-5-1968

இவருடைய நுரையீரலுக்கு இனிச் சுருட்டே ஆகாது என்று அருப்புக்கோட்டை டாக்டர் எச்சரித்த நாள்முதல், சுருட்டு வைக்கும் பானையின் அடிமணலுக்கு நான் தண்ணீர் தெளிப்பதில்லை. இந்தக் கரிசல் வெயிலில் ஈரம் காட்டாத சுருட்டு சருகாகிவிடும். இன்று இவர் எடுத்தது விரலிடையிலேயே நொறுங்கியது. கோபிப்பார் என்று காத்திருந்தேன். பரளச்சியிலிருந்து வந்திருந்த என் தம்பியிடம் இருமிக்கொண்டே சிரித்தார்.

"ஒங்க அக்காவுக்கு மறதி வந்துருச்சு மாப்ள. காலேஜுல படிச்ச மூளையும் காஞ்சுதானே போகும்!"

"விடுங்க மச்சான், நான் ஊத்துறேன்" என்று தம்பி இரக்கத்தோடு செம்பை எடுத்தான்.

பிடுங்கி நானே ஊற்றினேன். அவன் பஸ் ஏறியபின் மறுபடியும் ஊற்றினேன். மணல் சேறாகிவிட்டது, சில நாளில் அத்தனை சுருட்டும் பூஞ்சை பிடிக்கும். மறதிக்காரி இருமுறை ஊற்றுவது இயல்புதானே.