அடிக்காமல் விட்ட மடிப்பு

மார்ச் 4

அக்காவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுத மனம் வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். அலமாரியைத் திறந்தால், கடலுக்குப் போகும்போது போட்டுக்கொள்ள நான் தைத்த நீலக் கவுன் இஸ்திரி போட்டுத் தொங்குகிறது. கீழே நான் குத்தியிருந்த குண்டூசிகளைக் காணோம். கீழ் மடிப்பை நீ மெஷினில் தைத்து அடித்து முடித்துவிட்டாய். உன்னை யார் கேட்டார்கள்? உன்னிடம் வீட்டுச் சாவி கொடுத்தது செடிக்குத் தண்ணீர் ஊற்ற.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடு.

தங்கை


மார்ச் 9

தங்கச்சிக்கு,

நல்லது செய்தால் எனக்குக் கிடைப்பது இதுதான். முடக்குவாதத்தில் உன் விரல்கள் வீங்கி, ஊசி பிடிக்க முடியாமல் கிடந்தாய். நானும் தையல்காரி, அரைகுறைத் துணி கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. இதற்கா இந்தக் குதி குதிக்கிறாய்?

இப்போது கடல் என்கிறாய். போன தடவை மலை. கடையைப் பூட்டி, துணி கொடுத்தவர்களிடமெல்லாம் திட்டு வாங்கி, பெட்டியோடு பஸ் நிலையத்தில் நின்றேன். “வலிக்குதுக்கா, வரலை” என்று போனில் ஒரு வரி சொன்னாய். அதற்கு முந்தி ஏரி. அதுவும் இதே கதை. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னால் நீ ஊர் சுற்றத் திட்டம் போடுகிறாய். இனி என்னை இழுக்காதே.

சாவியைக் கொடுத்தாயிற்று.

அக்கா


மார்ச் 15

அக்கா,

இந்த நோய் எனக்கு ஆயுசுக்கும். மாத்திரை வலியைக் குறைக்கும், விரட்டாது. காலையில் ஒரு பித்தான் போடுவதற்குள் உயிர் போகிறது. அப்படிப்பட்ட காலையில் எதற்காக எழுந்திருக்க வேண்டும்? அதற்குத்தான் கடல். போவேனா மாட்டேனா என்பது அப்புறம்.

அந்த மடிப்பை அடிக்க முடியாமல் விடவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் அடிக்கவென்று வேண்டுமென்றே விட்டுவைத்தேன். ஏரிக்குத் தைத்ததிலும் மலைக்குத் தைத்ததிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு, ‘வீட்டுல ஒரு மடிப்பு பாக்கியிருக்கு’ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வந்து பார்த்தால் பாக்கி எதுவும் இல்லை. அழுதேன்.

நீ பஸ் நிலையத்தில் நின்றாய், நான் கட்டிலில் கிடந்தேன். யாருக்கு ஏமாற்றம் அதிகம்?

கவுனை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீயே போட்டுக்கொண்டு ஆடு.

தங்கை


மார்ச் 22

அடியே வாலு,

இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் என்ன குறைந்தா போய்விடும்? உன் மண்டைக்குள் புகுந்தா நான் பார்க்க முடியும்?

மடிப்பைப் பிரித்துவிட்டேன். நீ குத்தின இடத்திலேயே குண்டூசிகளைக் குத்தி அனுப்பியிருக்கிறேன். கடையில் தலைக்கு மேல் வேலை கிடக்க, அடித்த தையலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்மேல் எரிச்சல்.

மன்னிக்காவிட்டால் போ. ஆனால் அந்த மடிப்பை அடிக்கிற அன்றைக்குச் சொல்லி அனுப்பு. பெட்டியோடு வந்து நிற்கிறேன். நீ வராவிட்டால் அங்கேயே வாய் வலிக்கத் திட்டிவிட்டுத் திரும்புகிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

குண்டூசி ஒன்று குறைகிறது. பிரித்த இடமெல்லாம் நூல் துணுக்கு. இதுதான் நீ கடை நடத்தும் லட்சணமா? கோபம் தீர்ந்ததென்று நினைத்துக்கொள்ளாதே.

அதே நீலத்தில் இன்னும் கொஞ்சம் துணி வாங்கிவிட்டேன். உன் பழைய பழுப்பு உடுப்போடு கடற்கரையில் என் பக்கத்தில் நிற்க விடமாட்டேன். நீ பெருத்திருப்பாய், என்னிடம் இருக்கும் அளவு உதவாது. இடுப்பளவைக் குறைத்துச் சொல்லாமல், ஒழுங்காக எடுத்து அனுப்பு. விரல் வீக்கம் வடிகிற நாட்களில்தான் தைப்பேன், அவசரப்படுத்தாதே.

சாவி பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. செடி வாடுகிறது.

உன் கவுனிலும் கீழ் மடிப்பை அடிக்காமல் விட்டுவைப்பேன். அதில் கை வைத்தால் அப்புறம் தெரியும் சேதி.

வாலு